ஷெல்லில் கர்சரை நகர்த்த: ஷெல்லில் மாற்றுவதா, டெர்மினலிலா, கீபோர்டிலா?

டெர்மினல் சாளரத்தில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு, நீளமான கட்டளை ஒன்றைத் தட்டி முடித்து என்டர் அழுத்தப் போகும்போதுதான் நடுவில் இருக்கும் எழுத்துப் பிழை கண்ணில் படும். இடது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் கர்சர் ஊர்ந்து போகும். விரலை எடுப்பதற்குள் இடத்தைத் தாண்டிவிடும். கன்ட்ரோலோடு சேர்த்து அம்புக்குறியை அழுத்தினால் ஒரு கணினியில் சொல் சொல்லாகத் தாவுகிறது, இன்னொன்றில் ;5டி என்று கட்டளைக்குள்ளேயே குப்பை விழுகிறது. வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விசை அமைப்புகளை வைக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் நாலு வரி எழுது, விம் எடிட்டர் பாணியிலான விஐ முறைக்கு மாறு, பாஷ் ஷெல்லை விட்டு இசட்ஷெல்லுக்குப் போ, டெர்மினலை மாற்று, கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோல் ஆக்கு. எல்லாமே வேலை செய்கிற வழிகள்தான். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கைவிடும் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறது. புள்ளி, கோடு, எண் எல்லாம் உள்ளபடியே.

ஷெல்லுக்கு வந்து சேருவது பைட்டு மட்டும்

விசை என்று ஒன்று இருப்பதே ஷெல்லுக்குத் தெரியாது. கீபோர்டில் அழுத்தியது முதலில் இயங்குதளத்துக்குப் போகிறது, அங்கிருந்து டெஸ்க்டாப், டெர்மினல், நடுவில் ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் டீமக்ஸோ தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சோ இருந்தால் அவை, கடைசியில்தான் ஷெல். அதற்குள் விசை வெறும் எண்களாக, பைட்டுகளாகியிருக்கும். கன்ட்ரோல்-ஏ என்றால் 1 என்ற மதிப்புள்ள ஒரே பைட்டு. ஆல்ட்-எஃப் என்றால் எஸ்கேப், அதன் மதிப்பு 27, பின்னாலேயே எஃப். கன்ட்ரோலோடு வலது அம்புக்குறி என்றால் பெரும்பாலான டெர்மினல்கள் எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 1, அரைப்புள்ளி, 5, பெரிய சி என்று ஆறு பைட்டுகள் அனுப்பும். அந்த 5-க்கு ஒரு கணக்கு உண்டு: அடிப்படை 1, ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4 கூட்டுங்கள். ஆகவே ஆல்ட்-வலது 3, கன்ட்ரோல்-வலது 5, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வலது 6. இடது அம்புக்குறி என்றால் கடைசி எழுத்து பெரிய டி.

ஆரம்பத்தில் பார்த்த ;5டி இதன் வால்தான். முன்பாதி என்னவென்று ஷெல்லுக்குப் புரியவில்லை, விழுங்கிவிட்டது; மிச்சத்தைத் தட்டச்சாக எடுத்துக்கொண்டு திரையில் போட்டுவிட்டது.

இதே காரணத்தால் சில ஆசைகளை ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம். கன்ட்ரோல்-ஐயும் டேபும் ஒரே பைட்டு, 9. கன்ட்ரோல்-எம் என்றால் என்டர், 13. கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்பு என்றால் எஸ்கேப்பேதான். கன்ட்ரோல்-ஐக்கு வேறு வேலை கொடுத்தால் டேப் தட்டிப் பெயரின் மிச்சத்தை நிரப்பும் வசதி போய்விடும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ என்று தனியாக ஒன்றும் வந்து சேராது. கிட்டி டெர்மினல் கொண்டுவந்த புதிய கீபோர்டு நெறிமுறை இதைத் தீர்க்கிறது, ஃபிஷ் என்ற ஷெல்லின் 4.0 பதிப்பு அதைப் பயன்படுத்தவும் செய்கிறது. ஆனால் பாஷில் இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை.

எதை மாற்றுவதானாலும் முதல் வேலை ஒன்றே. கன்ட்ரோல்-வி அழுத்தி, பிறகு சந்தேகமான விசையை அழுத்துங்கள். ^[[1;5 என்று தொடங்கி சி அல்லது டி-யில் முடிந்தால் விசை ஷெல் வரைக்கும் வந்துவிட்டது, ஷெல்லிலேயே சரிசெய்யலாம். ^[ என்பது எஸ்கேப்பின் அடையாளம். எதுவுமே தோன்றாவிட்டால் நடுவில் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். ஷெல்லில் எத்தனை வரி எழுதினாலும் வீண். மேக்கில் கன்ட்ரோல்-அம்புக்குறி டெஸ்க்டாப் மாற்றுவதற்குப் போய்விடுவது இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸ் டெர்மினலில் கன்ட்ரோல்-வி என்றாலே பேஸ்ட். அங்கே கேட் -வி என்று ஓட்டிவிட்டு விசையை அழுத்திப் பாருங்கள், கன்ட்ரோல்-சி போட்டு வெளியே வாருங்கள்.

எதையும் மாற்றாமலே எவ்வளவு தூரம் போகலாம்

பாஷின் வரி திருத்தும் வேலையைச் செய்வது ரீட்லைன் என்ற நூலகம். ஒன்றும் மாற்றாவிட்டால் அது ஈமேக்ஸ் எடிட்டரின் பாணியில் இருக்கும். கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கம், கன்ட்ரோல்-இ முடிவு, ஆல்ட்-பி ஒரு சொல் பின்னே, ஆல்ட்-எஃப் ஒரு சொல் முன்னே. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பு: அதை அழுத்தி ஒரு எழுத்தைத் தட்டினால் கர்சர் அந்த எழுத்துக்குத் தாவும். ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால் பின்பக்கமாகத் தேடும்.

கிட்டப்போய்ப் பார்ப்போம். வரி இது, கர்சர் கடைசியில்:

சிபி /ஹோம்/ரவி/கணக்கு-2024/ஜூன்.சிஎஸ்வி /பேக்கப்/

கணக்கு என்பதைத் திருத்த வேண்டும். பாஷில் ஆல்ட்-பி எழுத்தும் எண்ணும் சேர்ந்ததையே சொல்லாக எண்ணும். சாய்கோடு, புள்ளி, இணைகோடு எல்லாம் எல்லை. எனவே பேக்கப், சிஎஸ்வி, ஜூன், 2024, கணக்கு என 5 தட்டு. மாற்றங்கள் செய்யாத இசட்ஷெல்லில் அதே ஆல்ட்-பி 2 தட்டில் மொத்தப் பாதையையும் தாண்டி முதல் சாய்கோட்டில் போய் நிற்கும், ஏனென்றால் அங்கே சாய்கோடும் சொல்லின் பகுதி. அங்கிருந்து முன்னே வர, ஆங்கில எழுத்துக் கணக்கில், வலது அம்புக்குறி 11 தட்டு. பாஷின் எழுத்துத் தேடலில் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-வலது சதுர அடைப்பு, கே: மூன்றே தட்டு, ஏனென்றால் அந்த வரியில் முதல் கே எழுத்து கணக்கில்தான் வருகிறது. புதிய ஷார்ட்கட் கட்ட உட்காருவதற்கு முன் ஒரு வாரம் இந்த ஒன்றைப் பழகிப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

இருக்கிறதை யாராவது பறித்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். டீமக்ஸ் போன்ற ஸ்க்ரீன் நிரல் ஓடினால் கன்ட்ரோல்-ஏ அதற்குப் போய்விடும். கன்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டு வெறும் ஏ தட்டினால் ஷெல்லுக்குப் போய்ச் சேரும். டீமக்ஸ் கன்ட்ரோல்-பியை எடுத்துக்கொள்ளும். இரண்டு முறை தட்டினால் ஒன்று உள்ளே போகும். மெனு பட்டை உள்ள டெர்மினல்களில் ஆல்ட்-எஃப் ஃபைல் மெனுவைத் திறக்கும். அப்போது எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டுப் பிறகு எஃப் தட்டினாலும் அதே பலன்தான், பைட்டு ஒன்றுதானே. உலாவிக்குள் ஓடும் டெர்மினலில் கன்ட்ரோல்-டபிள்யூ சொல்லை அழிப்பதற்குப் பதில் தாவலையே மூடிவிடும். அங்கே ஆல்ட்-பேக்ஸ்பேஸ் பழகுவது நல்லது. ஃபிசிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு நிரலை வைத்துத் தமிழ் தட்டுபவர்களுக்கு இன்னொன்று: அதன் இயல்பான மாற்றுவிசை கன்ட்ரோல்-ஸ்பேஸ். ரீட்லைனில் அதே விசைதான் வரியில் அடையாளம் வைப்பது. இரண்டில் ஒன்றை இடம் மாற்றாமல் அடையாளம் வைக்க முடியாது.

ஷெல்லிலேயே மாற்றுவது

பாஷ்காரர்களுக்கு இரண்டு இடம் உண்டு: வீட்டுக் கோப்புறையில் .இன்புட்ஆர்சி, அல்லது பாஷ் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சியில் பைண்ட் கட்டளை. முதலாவதில் எழுதினால் ரீட்லைனோடு கட்டப்பட்ட எல்லா நிரலுக்கும், ஜிடிபி, பிசி கணக்குப்பொறி உட்பட, அதே விசைகள் கிடைக்கும். இரண்டாவது பாஷுக்கு மட்டும். முதலாவதே மேல்.

எழுதும் முறை: இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வு, சிறிய இ, பிறகு [1;5, பெரிய சி; மேற்கோளை மூடி, முக்காற்புள்ளி போட்டு, ஃபார்வர்ட்-வேர்ட். அடுத்த வரியில் சி-க்குப் பதில் பெரிய டி, பேக்வர்ட்-வேர்ட். பின்சாய்வு-இ என்பது எஸ்கேப். கடைசி எழுத்தைச் சிறியதாக எழுதினால் பிழை எதுவும் காட்டாது, வேலையும் செய்யாது. சேமித்தபின் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் கோப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளும். ஷெல்லை மூடித் திறக்க வேண்டியதில்லை. பைண்ட் -பி என்றால் இப்போது எந்த விசைக்கு எது என்று பட்டியல் வரும்.

இந்தக் கோப்பை உருவாக்கியதுமே பலர் மாட்டும் இடம் ஒன்று. வீட்டில் .இன்புட்ஆர்சி இருந்தால் பாஷ் /ஈடிசி/இன்புட்ஆர்சியைப் படிக்காது. டெபியன், உபுண்டுவில் ஹோம், எண்ட், டெலீட், கன்ட்ரோல்-அம்புக்குறிக்கான வரிகள் அந்தப் பொதுக் கோப்பில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு புதிய ஷார்ட்கட்டுக்காகக் கோப்பைத் தொடங்கியவர், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த வேறொரு விசை எங்கே போனதென்று தேடிக்கொண்டிருப்பார். முதல் வரியாக டாலர் குறி, ஒட்டியே இன்க்ளூட், ஓர் இடைவெளி, /ஈடிசி/இன்புட்ஆர்சி என்று எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது பொறி கன்ட்ரோல்-டபிள்யூ, கன்ட்ரோல்-யூ. பாதையில் ஒரு துண்டை மட்டும் அழிக்கட்டும் என்று கன்ட்ரோல்-டபிள்யூவைப் பேக்வர்ட்-கில்-வேர்டுக்கு மாற்றுவார்கள். மாறாது. டெர்மினல் டிரைவர் தனக்கென்று வைத்திருக்கும் விசைகளை ரீட்லைன் ஒவ்வொரு முறையும் தன் இயல்புக்கே திருப்பிவிடுகிறது. செட் பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-கார்ஸ் ஆஃப் என்ற வரியையும் சேர்த்தால்தான் நம் மாற்றம் நிற்கும்.

.பாஷ்ஆர்சி வழிதான் வேண்டும் என்பவர்களுக்கு: பைண்ட் என்று எழுதி, ஒற்றை மேற்கோளுக்குள் மேலே சொன்ன வரியை இரட்டை மேற்கோளோடு அப்படியே வையுங்கள். உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோளை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி போல ஊடாட்டம் இல்லாமல் ஓடும் ஷெல்லிலும் இந்த வரி ஓடினால் வரி திருத்தம் இயக்கத்தில் இல்லை என்று எச்சரிக்கை கொட்டும், சில வேளை கோப்புப் பரிமாற்றமே குழம்பும். ஆகவே ஊடாட்ட ஷெல்தானா என்று பார்த்துத் திரும்பும் வரிக்குக் கீழே வையுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க ஒன்று. தொலை சர்வரில் மொழி அமைப்பு ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த பெரிய சி என்று இருந்தால், தமிழ் எழுத்தின் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளை ரீட்லைன் ஆல்ட் விசைகளாக எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயரை ஒட்டினால் எழுத்து வராது. கர்சர் தாவும், சொல் அழியும். லாங் என்ற மாறியை சி.யூடிஎஃப்-8 என்று, இரண்டையும் பெரிய எழுத்தில், வைத்தால் சரியாகும். அதே காரணத்தால் இன்புட்ஆர்சியில் ஆல்ட்டைக் குறிக்கப் பின்சாய்வோடு பெரிய எம் எழுதாமல் பின்சாய்வு-இ எழுதுவது பாதுகாப்பு. முன்னது மொழி அமைப்பைப் பொறுத்து 8-பிட் எழுத்தாகப் போய்விடக்கூடும்.

இசட்ஷெல் இன்புட்ஆர்சியைப் பார்ப்பதே இல்லை. அதற்கென்று சொந்தத் திருத்தி, பைண்ட்கீ என்று சொந்தக் கட்டளை. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் இதுவே இயல்பு ஷெல் என்பதால், பாஷுக்கு எழுதிய வரிகளை அப்படியே கொண்டுவந்து ஒட்டி ஏமாறுபவர்கள் நிறைய. இங்கே பைண்ட்கீ, ஒற்றை மேற்கோளுக்குள் ^[[1;5, பெரிய சி, பிறகு ஃபார்வர்ட்-வேர்ட் என்று .இசட்எஸ்ஹெச்ஆர்சியில் எழுத வேண்டும். பெயர் ஒன்றானாலும் நடத்தை வேறு. பாஷில் ஃபார்வர்ட்-வேர்ட் சொல்லின் முடிவில் நிற்கும். இசட்ஷெல்லில் அடுத்த சொல்லின் தொடக்கத்தில். பாஷ் போலவே வேண்டுமென்றால் ஈமேக்ஸ்-ஃபார்வர்ட்-வேர்ட் என்று கொடுங்கள்.

ஆனால் சொல்லின் எல்லையை நம் இஷ்டப்படி வளைப்பதில் இசட்ஷெல் கைதேர்ந்தது. பெரிய எழுத்தில் வேர்ட்கார்ஸ் என்ற மாறியில் இருக்கும் குறிகளெல்லாம் சொல்லின் பகுதி. அதிலிருந்து சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டால் ஆல்ட்-பி பாதையில் துண்டு துண்டாக நகரும். இணைகோடு உள்ளேயே இருப்பதால் கணக்கு-2024 ஒரே தாவல். நம் உதாரண வரியில் பேக்கப், ஜூன்.சிஎஸ்வி, கணக்கு-2024 என 3 தட்டு. பாஷில் இப்படி நடுத்தரமாக வைக்க வழியில்லை: எழுத்து-எண் சொல், அல்லது இடைவெளியால் பிரியும் முழுத் துண்டு. பின்னதற்கு ஷெல்-பேக்வர்ட்-வேர்ட் என்று பெயர், மேக்கின் பாஷ் 3.2-இல் அதுவும் இல்லை. நாள் முழுக்கக் கோப்புப் பாதைகளோடு மல்லுக்கட்டுபவருக்கு இந்த ஒரு மாறிக்காகவே இசட்ஷெல்லுக்குப் போகலாம்.

இசட்ஷெல்லில் ஒரு விபரீதமும் உண்டு. பெரிய எழுத்தில் எடிட்டர் அல்லது விஷுவல் என்ற மாறியின் மதிப்பில் விஐ என்ற இரண்டு எழுத்து எங்காவது இருந்தால், விம், நியோவிம் எதுவானாலும், அது கேட்காமலேயே விஐ முறையில் தொடங்கும். கிட் கமிட்டுக்காக எடிட்டரை மாற்றிய அன்று கன்ட்ரோல்-ஏ வேலை செய்யாமல் போவது இதனால்தான். பைண்ட்கீ -இ என்ற வரியை மற்ற பைண்ட்கீ வரிகளுக்கெல்லாம் மேலே போட்டுவிடுங்கள். கீழே போட்டால் அதுவரை கட்டியவை வேறொரு விசைப்படத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஃபிஷைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது பெரும்பாலும் பிறக்கும்போதே சரியாக இருக்கிறது. கன்ட்ரோல்-அம்புக்குறி சொல் தாவும், கன்ட்ரோல்-டபிள்யூ பாதையின் ஒரு துண்டை அழிக்கும். ஃபிஷ்_கீ_ரீடர் என்று ஓட்டி விசையை அழுத்தினால் எழுத வேண்டிய பைண்ட் வரியையே கொடுத்துவிடும். வரியின் கடைசியில் நின்று வலது அம்புக்குறியை அழுத்தினால் சாம்பல் நிறப் பரிந்துரை முழுதாக உள்ளே வந்துவிடும், ஆல்ட்-வலது ஒரு சொல் மட்டும். வெற்று வரியில் ஆல்ட்-இடது முந்தைய கோப்புறைக்குப் போய்விடும் என்பது முதல் வாரத்தில் திகைக்க வைக்கும்.

விஐ முறை யாருக்கு

செட் -ஓ விஐ என்று ஒரு கட்டளை. எஸ்கேப் தட்டினால் நகரும் முறை, ஐ தட்டினால் எழுதும் முறை. நம் உதாரண வரியில் எஸ்கேப், பெரிய பி இரண்டு முறை, எஃப், கே: 5 தட்டு. சிறிய பி மட்டுமே பயன்படுத்தினால் எஸ்கேப்போடு சேர்த்து 10, ஏனென்றால் விஐ சாய்கோட்டையும் புள்ளியையும்கூடத் தனிச் சொல்லாக எண்ணும். பாஷின் எழுத்துத் தேடல் 3 தட்டு என்று மேலே பார்த்தோம். அதாவது தட்டு எண்ணிக்கையில் லாபம் இருக்கிறது என்ற பேச்சு அவ்வளவு உண்மையில்லை. விம்மில் ஊறிய விரல்களுக்கு யோசிக்காமல் வரும் என்பது மட்டும் உண்மை. விம் பழக்கமில்லாதவர் இதற்காக விஐ முறைக்கு மாற வேண்டாம்.

இழப்பும் உண்டு. பாஷில் எழுதும் முறையில் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-இ வேலை செய்யாது. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவரும் ஆல்ட்-புள்ளி போய்விடும். அதன் பைட்டு எஸ்கேப், புள்ளி என்பதால் நகரும் முறைக்குப் போய் முந்தைய திருத்தத்தைத் திரும்பச் செய்யும். டெபியனின் பொது இன்புட்ஆர்சியில் இருக்கும் கன்ட்ரோல்-அம்புக்குறி வரிகள் ஈமேக்ஸ் முறைக்கு மட்டும் என்று நிபந்தனைக்குள் இருப்பதால் அவையும் பொருந்தா. வேண்டியவற்றை செட் கீமேப் விஐ-இன்சர்ட் என்ற வரிக்குக் கீழே திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

எஸ்கேப் தட்டியபின் ஒரு கணம் தயங்குகிறதா? தட்டியது தனி எஸ்கேப்பா, அம்புக்குறியின் முதல் பைட்டா என்று ஷெல் காத்திருக்கிறது. ரீட்லைன் 500 மில்லிவினாடி, இசட்ஷெல் 400. கீசீக்-டைம்அவுட்டை 50 என்று வைத்தால் போதும்; இசட்ஷெல்லில் பெரிய எழுத்தில் கீடைம்அவுட், அளவு நூறில் ஒரு வினாடி, ஆகவே 5. அங்கே 1 என்று வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. தாமதமான எஸ்எஸ்ஹெச் இணைப்பில் அம்புக்குறியின் பைட்டுகள் பிரிந்து வந்தால் வினை அதுதான்: எஸ்கேப் தனியாக, மிச்சம் தனியாக. டீமக்ஸின் பழைய பதிப்புகள் தம் பங்குக்கு இன்னொரு 500 மில்லிவினாடி சேர்க்கும். எஸ்கேப்-டைம் 10 என்று அதிலும் குறைக்க வேண்டும். எந்த முறையில் இருக்கிறோம் என்று ப்ராம்ப்டில் காட்ட பாஷ் 4.3 முதல் செட் ஷோ-மோட்-இன்-ப்ராம்ப்ட் ஆன் உண்டு. அது இல்லாமல் விஐ முறையை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

டெர்மினலில் மாற்றுவது

ஒரு நாளைக்குப் பத்து சர்வருக்குள் போய்வருபவருக்கு மேலே சொன்ன எதுவும் முழுத் தீர்வு ஆகாது. ஒவ்வொன்றிலும் கோப்பு வைக்க வேண்டும்; பலவற்றில் வைக்க அனுமதியே இருக்காது, பொதுக் கணக்கில் வைத்தால் மற்றவர் விசைகளும் மாறும். அவர்கள் திருப்பி யோசிக்கலாம். ஷெல்லுக்குப் புதிய பைட்டைக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில், அதற்கு ஏற்கெனவே தெரிந்த பைட்டை நம் டெர்மினல் அனுப்பட்டும். எஸ்கேப்-பி, எஸ்கேப்-எஃப் இரண்டும் பாஷ், இசட்ஷெல், ஃபிஷ் எல்லாவற்றுக்கும் ஈமேக்ஸ் முறையில் பிறவியிலேயே தெரியும். கன்ட்ரோல்-இடது அழுத்தினால் டெர்மினல் எஸ்கேப்-பி அனுப்பும்படி வைத்துவிட்டால், நீங்கள் கால் வைக்கும் எந்த சர்வரிலும் ஒரு வரிகூட எழுதாமல் வேலை செய்யும். மேக்கின் டெர்மினலில் ஆப்ஷன்-அம்புக்குறி இப்படித்தான் ஓடுகிறது.

கிட்டியில் மேப், கன்ட்ரோல்+லெஃப்ட், சென்ட்_டெக்ஸ்ட் ஆல், பிறகு பின்சாய்வு எக்ஸ்1பி, ஒட்டியே இன்னொரு பி. விண்டோஸ் டெர்மினலில் சென்ட்இன்புட் (இன்புட்டின் ஐ மட்டும் பெரிய எழுத்து) என்ற செயல். அலாக்ரிட்டியில் கீபோர்டு.பைண்டிங்ஸ் பகுதி, 0.13-இல் அமைப்புக் கோப்பு யாமெல்லிலிருந்து டாமெல்லுக்கு மாறியது. பழைய கோப்பில் பின்சாய்வு எக்ஸ்1பி என்று எழுதியிருந்தால் டாமெல்லில் அது பிழை, பின்சாய்வு யூ001பி என்று நாலு இலக்கமாக எழுத வேண்டும். ஐடெர்ம்2-இல் இடது ஆப்ஷன் விசையை எஸ்கேப்+ என்று மாற்றும் தேர்வே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். க்னோம் டெர்மினலில் இப்படி விசைக்குப் பைட்டு கொடுக்கும் வசதியே இல்லை. அதில் இருப்பவர்களுக்கு இந்த வழி மூடியது.

விலை விம்மில் தெரியும். தனக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று டெர்மினல் பார்ப்பதில்லை. விம்மில் எழுதும் முறையில் இருந்து கன்ட்ரோல்-இடது அழுத்தினால் முன்பு ஒரு சொல் பின்னே போய் எழுதும் முறையிலேயே நின்றது. இப்போது எஸ்கேப் எழுதும் முறையை முடித்துவிடும், பி ஒரு சொல் பின்னே கொண்டுபோகும், அடுத்துத் தட்டும் எழுத்துகளெல்லாம் கட்டளைகளாகும். டி எழுத்தை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி காலி. விஐ முறை ஷெல்லிலும் இதே கதைதான். ஆகவே விம்மில் கன்ட்ரோல்-அம்புக்குறி பழக்கமுள்ளவர் இந்த மாற்றத்தை அங்கே பயன்படுத்தாத வேறொரு கூட்டுக்கு, ஆல்ட்-அம்புக்குறி மாதிரி, வைப்பது நல்லது.

கீபோர்டில் மாற்றுவது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கீபோர்டு அளவில் செய்யும் மாற்றம் விரல் போகும் இடத்தை மட்டுமே மாற்றும். கன்ட்ரோல்-இடது ஷெல்லுக்குப் புரியவில்லை என்றால், அதே கன்ட்ரோல்-இடதை வேறு விசையிலிருந்து அனுப்பினாலும் புரியப்போவதில்லை. சுண்டுவிரல் வலிக்கிறது, அம்புக்குறிக்குக் கை போய்வருவது தொல்லை என்பவர்களுக்குத்தான் இது.

கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோல் ஆக்குவது யாருக்கும் நஷ்டமில்லாத மாற்றம். மேக்கில் கீபோர்டு அமைப்பின் மாடிஃபையர் விசைகள் பகுதியில் ஒரு தேர்வு. எக்ஸ் என்ற பழைய திரை அமைப்பு ஓடும் லினக்ஸில் செட்எக்ஸ்கேபிமேப் -ஆப்ஷன் சிடிஆர்எல்:நோகேப்ஸ். அதற்குப் பதில் வந்த வேலேண்டில் இந்தக் கட்டளை பயன்படாது, டெஸ்க்டாப்பின் அமைப்பில்தான் மாற்ற வேண்டும். டெபியன் குடும்பத்தில் /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பில் எழுதினால் கன்சோலுக்கும் சேரும்.

அதற்கு மேல் போக விரும்பினால் கீடி என்ற விசை மாற்றும் நிரல். அமைப்புக் கோப்பின் மெயின் பகுதியில் கேப்ஸ்லாக் = ஓவர்லோட்(கன்ட்ரோல், எஸ்க்) என்று எழுதினால் பிடித்தால் கன்ட்ரோல், தட்டினால் எஸ்கேப்; விஐ முறைக்காரர்களுக்கு அருமை. லேயர் ஒன்று வைத்து ஹெச், ஜே, கே, எல் நாலையும் அம்புக்குறியாக்கினால் ஷெல், உலாவி, எடிட்டர் எல்லாவற்றிலும் ஒரே பழக்கம். ஆனால் இது ரூட்டாக ஓடும் சேவை, கோப்பில் தப்பு நேர்ந்தால் தட்டவே முடியாத நிலை வரலாம். பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் கீடி நின்றுவிடும் என்பதை அமைப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்தவர் மடிக்கணினியில் உட்கார்ந்தால் இந்த விரல் பழக்கம் பெரிய எழுத்துகளாகக் கொட்டும், அதற்கு மருந்தில்லை.

எதை எடுப்பது

ஒரே மடிக்கணினி, ஒரே ஷெல் என்றால் ஷெல்லின் கோப்பு. மூன்று நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். பாதைகள் நீளமாக இருந்தால் இசட்ஷெல்லும் வேர்ட்கார்ஸும். அடுத்தவர் சர்வர்களில் நாள் ஓடுகிறது என்றால் டெர்மினல், எஸ்கேப்-பி, எஸ்கேப்-எஃப். ஷெல்லைத் தொடவே வேண்டாம். விம் கைக்குள் இருந்தால் விஐ முறை, ஆனால் உங்கள் கணினியில் மட்டும். பொதுக் கணக்கில் விட்டுவிட்டு வந்தால் அடுத்து வருபவர் திட்டுவார். இரண்டு அடுக்கில் ஒரே விசையை மாற்றுவதைத் தவிருங்கள்: டெர்மினல் எஸ்கேப்-பி அனுப்பத் தொடங்கியதும் இன்புட்ஆர்சியில் இருக்கும் [1;5 வரிக்கு வேலையில்லை, பிறகு ஏதாவது கெடும்போது நீங்கள் அந்தச் செத்த வரியைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு வேளை கட்டியதில் ஏதோ தப்பி, என்டரோ பேக்ஸ்பேஸோ வேலை செய்யாமல் போனால், பாஷ் --நோஆர்சி என்று திறந்து பயனில்லை. அது இன்புட்ஆர்சியைப் படிக்கத்தான் செய்யும். பெரிய எழுத்தில் இன்புட்ஆர்சி, ஒட்டியே சமக்குறி, /டெவ்/நல், இடைவெளி, பாஷ் என்று தட்டினால் வெறும் ரீட்லைனோடு திறக்கும். அதுவும் சிக்கல் என்றால் பாஷ் --நோஎடிட்டிங். இசட்ஷெல்லுக்கு இசட்எஸ்ஹெச் -எஃப், ஃபிஷுக்கு --நோ-கன்ஃபிக். புதிய வரியைச் சேர்க்கும்போது பழைய டெர்மினல் சாளரம் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். அதில் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்தாதவரை பழைய விசைகள் அப்படியே இருக்கும்.